யோனினேஸ் இரவுக்கு அழைப்பு வந்திருக்கிறது, போகலாமா?

கேள்வி: லிதுவேனியாவின் கவுனஸ் நகரில் மருத்துவம் படிக்கிறேன். ஜூன் 23 இரவு, கிராமத்தில் இருக்கும் தன் பாட்டி வீட்டில் யோனினேஸ் கொண்டாட வரும்படி தோழி அழைக்கிறாள். மலர்முடி, தீ தாண்டுதல், நள்ளிரவில் காட்டில் பெரணிப் பூ தேடுதல் என்று என்னென்னவோ சொல்கிறாள். இது மத விழாவா? எதில் கலந்துகொள்ளலாம், எதைத் தவிர்க்கலாம்? என்ன உடுத்துவது, என்ன கொண்டுபோவது? நான் சைவ உணவு உண்பவள்.

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் இருட்டிய பிறகு, தீ மூட்டும் நேரத்துக்குப் போய்ச் சேராதீர்கள். பிற்பகலிலேயே போய்விடுங்கள், விடியும்வரை இருங்கள். படங்களில் வருவதெல்லாம் தீதான். எனக்கோ இந்த விழாவின் உயிர் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது: மாலையில் செடி பறிப்பதிலும், விடியலில் புல்லின் பனித்துளியிலும். நகரத்திலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் தவறவிட்டுத் திரும்புகிறார்கள்.

மத விழாவா என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஜூன் 24 கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திருமுழுக்கு யோவானின் பிறந்த நாள். அந்த நாட்டில் அரசு விடுமுறை. ஆனால் லிதுவேனியா கிறிஸ்தவத்தை ஏற்றது 1387இல்தான். சூரியன் உச்சத்தில் நிற்கும் நாட்களைக் கொண்டாடும் உழவர் வழக்கம் அதைவிடப் பழையது. ரசோஸ் என்ற பெயரிலும் அது வழங்குகிறது. சோவியத் ஆட்சிக் காலத்தில், 1967இல், வில்னியஸுக்கு வடமேற்கே நெரிஸ் ஆற்றங்கரையில் உள்ள கெர்னவேயின் பழைய மண்கோட்டை மேடுகளில், நாட்டுப்புறவியலில் ஈடுபாடு கொண்ட இளைஞர்கள் ரசோஸ் விழாவை மறுபடி நடத்தினார்கள். ஆட்சியாளர்கள் அதைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். முன்னின்றவர்களில் ஒருவரான யோனஸ் திரின்கூனஸ் பின்னர் பல்கலைக்கழக வேலையையே இழந்தார். அந்த மேடுகள் 2004 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களம். இவ்வளவையும் சொல்லக் காரணம், அந்தப் பாட்டி பாடப்போகும் பாட்டின் பின்னால் என்ன இருக்கிறது என்று நீங்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதே. உங்கள் நம்பிக்கை என்ன என்று அங்கே ஒருவரும் கேட்கப்போவதில்லை. வழிபாடாக ஏதேனும் நடந்து, உங்களுக்கு ஒப்பவில்லையென்றால், ஓரமாக நின்று பார்த்தாலும் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

இனி செடி பறிப்பது. யோவான் நாளுக்குப் பிறகு புல் அறுவடை தொடங்கிவிடும். அதுவரை புல்வெளியில் பூத்து நிற்கும் செடிகளுக்கு மருந்துக் குணம் உச்சத்தில் இருக்கும் என்பது உழவர் நம்பிக்கை. அதனால் பெண்கள் கூட்டமாகப் பாடிக்கொண்டே போய்ப் பறிப்பார்கள். அந்த நாளின் பெயரையே தாங்கிய மஞ்சள் பூச்செடி யோனஷோலே, டெய்சி, சிவப்புக் குளோவர், தைம் எல்லாம் கூடையில் சேரும். ஒரு பகுதி மலர்முடிக்கு, ஒரு பகுதி குபோலே எனப்படும் மூன்று கிளைக் கம்பத்தை அலங்கரிக்க, மீதி காயவைத்து வீட்டு மருந்துக்கு. பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கட்டக் கற்றுக்கொள்ளுங்கள். நீளமான காம்பாகக் கிள்ள வேண்டும். ஒவ்வொரு கொத்தையும் முந்தைய காம்புகளின்மேல் வைத்துச் சுற்றி இறுக்கிக்கொண்டே போக வேண்டும். பூத்தொடுத்துப் பழகிய கைக்கு இது சீக்கிரம் பிடிபடும். ஆண்களுக்கு ஓக் இலை முடி. வீட்டில் யோனஸ் அல்லது யானினா (இரண்டும் யோவான் என்ற பெயரின் வடிவங்கள்) என்ற பெயருள்ளவர் இருந்தால் அது அவருடைய பெயர் நாள், அதாவது அவர் பெயர் தாங்கிய புனிதரின் திருநாள். கதவில் ஓக் மாலை தொங்கும். மறக்காமல் வாழ்த்துச் சொல்லுங்கள்.

பறிக்கும்போது மூன்று விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். ஆளுயரத்துக்குமேல் வளர்ந்து, குடைபோல விரிந்த வெள்ளைப் பூக்கொத்துடன் நிற்கும் சொஸ்னோவ்ஸ்கி செடியைத் தொடவே கூடாது. அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் தீப்புண்போலக் கொப்புளம் எழும்பும். காட்டு ஆர்க்கிட் வகைகள் பல சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. அழகாக இருக்கிறதே என்று கிள்ளாதீர்கள். மூன்றாவது உண்ணி. உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல் ஐரோப்பாவிலேயே மிகுதியாகக் காணப்படும் நாடுகளில் லிதுவேனியாவும் ஒன்று. மருத்துவ மாணவியான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தடுப்பூசி போடாமலிருந்தால் இப்போதே கேளுங்கள், ஏனென்றால் ஒரே ஊசியோடு முடிவதில்லை. முழுக்கால் பேண்ட், அதன் முனையைச் செருகிய காலுறை, மூடிய காலணி. திரும்பியதும் முழங்காலின் பின்புறம், இடுப்பு மடிப்பு, தலைமுடி ஓரம் என்று உடம்பு முழுவதும் பார்த்துவிடுங்கள்.

உடை பருத்தியாகவோ கம்பளியாகவோ இருக்கட்டும். தீ தாண்டும் எண்ணம் இருந்தால் நைலான் துப்பட்டா கூடவே கூடாது. அதிகாலையில் நன்றாகக் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். இணையாகக் கைகோத்துத் தாண்டுபவர்கள் கை பிரியாமல் தாண்டினால் வாழ்விலும் பிரியமாட்டார்கள் என்பார்கள். எனவே யாருடன் கைகோக்கிறீர்கள் என்பதை ஊரே பார்க்கும். தோழியுடன் தாண்டலாம், தாண்டாமலும் இருக்கலாம். மலர்முடியை மரக்கிளையில் மாட்டும்படி எறிவது இன்னொரு குறி: எத்தனையாவது முறை மாட்டுகிறதோ அத்தனை ஆண்டில் கல்யாணம். சிரித்துக்கொண்டே எறியுங்கள்.

பெரணிப் பூவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பெரணி பூக்காத தாவரம், வித்துத்தூள்களால் பரவுவது. அந்த ஊர் மக்களுக்கும் இது தெரியும். இருந்தும் அன்று நள்ளிரவில் ஒரு கணம் மட்டும் பூக்கும் என்கிறது கதை. தேடுபவன் தனியாகப் போக வேண்டும், ரோவன் மரக் குச்சியால் தன்னைச் சுற்றி வட்டம் கீறி, துணியை விரித்து உட்கார வேண்டும், எந்த உருவம் வந்து பயமுறுத்தினாலும் திரும்பிப் பார்க்கக்கூடாது. கிடைத்தவனுக்குப் பிறர் மனமும் விலங்குகளின் பேச்சும் புதையல் இருக்கும் இடமும் தெரியும். இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை, தொலைந்த மாட்டைத் தேடி அலைந்தவனுடையது. பூ அவனறியாமல் அவனுடைய நார்ச்செருப்புக்குள் விழுந்துவிட்டது. மாடு எங்கே நிற்கிறது என்பது முதல் எல்லாமே அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் எல்லாம் மறந்துபோனது. இந்தக் கதையைப் பாட்டியிடம் கேளுங்கள். அவருக்குத் தெரிந்த வடிவம் வேறாக இருக்கலாம்.

நடைமுறைக்கு வருகிறேன். இன்று ‘பெரணிப் பூ தேடப் போகலாமா’ என்று ஓர் இளைஞர் உங்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டால், அது பெரும்பாலும் காதல் அழைப்பு. கூட்டமாகப் போனால் வெறும் விளையாட்டு. விருப்பமில்லையென்றால் தீயருகே இருக்கிறேன் என்று சொன்னால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை.

சூரியன் மறையச் சுமார் 10 மணி ஆகும், 5 மணிக்கு முன்பே உதித்துவிடும். தூங்கிவிடாதீர்கள். அன்றைய உதயத்தில் சூரியன் நடனமாடும் என்பார்கள். அதற்கு முன் பனியில் முகம் கழுவுவது பெண்களின் வழக்கம், முக அழகுக்கு நல்லது என்ற நம்பிக்கை. இதே பனியைப் பற்றி ஓர் அச்சமும் உண்டு: சூனியக்காரி அயலானின் மேய்ச்சல் நிலத்தில் துணியை இழுத்துச் சென்று பனியைப் பிழிந்து எடுத்துக்கொண்டால், அந்த வீட்டு மாடுகளின் பால் அவளுக்குப் போய்விடுமாம். அதனால் மாடுகளைத் தொழுவத்தில் அடைத்து, வாசலில் ரோவன் கிளையும் முட்செடியும் செருகிவைப்பார்கள். மாட்டை நம்பிப் பிழைத்த குடும்பத்துக்கு ஜூன் மாதத்துப் புல்லும் பாலும் எவ்வளவு பெரிது என்பது இந்த ஒரு நம்பிக்கையிலேயே தெரிகிறது.

சாப்பாட்டில் சுட்ட இறைச்சி நிச்சயம் இருக்கும். நீங்கள் சைவம் என்பதைத் தோழி வழியாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டில் செய்த வெள்ளைப் பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு, கறுப்பு ரொட்டி, ஸ்ட்ராபெரி இருந்தால் உங்கள் வயிறு நிறைந்துவிடும். இளஞ்சிவப்பு பீட்ரூட் சூப்பில் முட்டை சேர்ப்பதுண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டிக்குப் பூங்கொத்து கொடுப்பதானால் எண்ணிக்கை ஒற்றைப்படையில் இருக்கட்டும். இரட்டைப்படை துக்க வீட்டுக்கு உரியது. அதோடு நீங்களே செய்த இனிப்பு கொஞ்சம் எடுத்துப்போங்கள். 24 விடுமுறை என்பதால் பஸ்கள் குறைவாகவே ஓடும். திரும்பும் பஸ்ஸின் நேரத்தைப் புறப்படும் முன்பே பார்த்து, டிக்கெட்டையும் வாங்கிவிடுங்கள்.