கேள்வி பதில்: ஜோர்டானில் சிரிய அகதிகளின் மருத்துவச் செலவு

கேள்வி: சிரிய அகதிகளுக்கு அங்கே எல்லா மருத்துவமும் இலவசம்தானே?

பதில்: எந்த வருஷத்தைக் கேட்கிறீர்கள்? ஆரம்பத்தில் அரசு மருத்துவமனைகளில் இலவசம். 2014 நவம்பரிலிருந்து, காப்பீடு இல்லாத ஜோர்டானியர் கட்டும் மானியக் கட்டணம் இவர்களுக்கும் வந்தது. 2018 தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டு, வெளிநாட்டவர் கட்டணத்தில் 80 சதவீதம் என்றார்கள். செலவு இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை ஏறியது. இப்படி ஏற்றினால் என்ன ஆகும்? சர்க்கரைக்காரர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவார், கடைசியில் அவசரப் பிரிவில் வந்து விழுவார். 2019-இல் மானியக் கட்டணத்துக்கே திரும்பினார்கள். அமெரிக்கா, கனடா, டென்மார்க் ஒரு பொதுக் கணக்கில் பணம் போட்டு சுகாதார அமைச்சகத்துக்குக் கை கொடுத்தன.

கேள்வி: ஜோர்டானின் ஸாத்தரி அகதி முகாமில் மருத்துவமனை இருக்கிறதே, பிறகென்ன?

பதில்: ஐந்தில் நான்கு பேர் முகாமிலேயே இல்லை. அம்மான், இர்பிது, மஃப்ரக் என்று வாடகை வீடுகளில் இருக்கிறார்கள். முகாமை வைத்து அகதி வாழ்க்கையை அளக்காதீர்கள்.

கேள்வி: சொந்த மக்களே வரிசையில் நிற்க, அகதிகளுக்காக ஜோர்டான் கடன் வாங்குவது நியாயமா?

பதில்: 2017-இல் உலக வங்கியும் இஸ்லாமிய வளர்ச்சி வங்கியும் தந்த 15 கோடி டாலர் திட்டத்தைச் சொல்கிறீர்கள். அது அகதிகளுக்கு மட்டும் வந்த பணம் இல்லை. காப்பீடு இல்லாத ஏழை ஜோர்டானியருக்கும் சேர்த்துத்தான். இரண்டு பேரும் ஒரே சுகாதார நிலையத்துக்குத்தானே போகிறார்கள்! நடுத்தர வருமான நாட்டுக்கு உலக வங்கியின் சலுகைக் கடன் சாதாரணமாகக் கிடைக்காது. அதனால் 2016-இல் தொடங்கிய ஒரு நிதியத்தில் பணக்கார நாடுகள் மானியம், அதாவது திருப்பித் தர வேண்டாத பணம், போட்டன. அதை வைத்து வட்டிச் சுமையைக் குறைத்தார்கள்.

கேள்வி: வட்டி குறைந்தாலும் அசல் ஜோர்டான் தலையில்தானே? இதற்குப் பெயர் உதவியா?

பதில்: சரியான அடி. உலகத்துக்கே பொதுவான பொறுப்பை எல்லையில் இருக்கும் நாட்டின் கணக்கில் எழுதுகிறார்கள் என்ற கோபம் எனக்கும் உண்டு. அதனால்தான் முதல் பதிலில் சொன்ன, மானியமாகவே வந்த அந்தப் பொதுக் கணக்கு எனக்குப் பிடிக்கும். ஆனால் மானியம் வருஷா வருஷம் கையேந்தி வாங்குவது. தருகிறவர் மனம் மாறினால் மருந்து அலமாரி காலி.

கேள்வி: தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழருக்கு?

பதில்: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருமான வரம்பில்லாமல் சேரலாம். மற்றதை முகாம் அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: ஸாத்தரி முகாமில் எல்லாம் இலவசம் என்கிறார்களே?

பதில்: முகாம், முகாம்! இரண்டாவது பதிலைப் படியுங்கள்.