பெட்ரோல் டேங்க்குக்கு எர்த் எதற்கு? படகுக்காரர்களின் கேள்விகள்

கேள்வி: டேங்க்கும் உலோகம், மேல்தட்டில் பெட்ரோல் ஊற்றும் வாயும் உலோகம். நடுவே ரப்பர் ஹோஸ் இருக்கிறது. தனியாக ஒரு வயர் அவசியமா?

பதில்: அந்த ரப்பர்தான் பிரச்சினையே. பெட்ரோல் ஓடும்போது நிலைமின்சாரம் சேர்கிறது, அதை ரப்பர் கடத்தாது. வாய்க்கும் டேங்க்குக்கும் நடுவே மின்னழுத்த வித்தியாசம் ஏறினால் பொறி பறக்கலாம். இரண்டையும் வயரால் இணைத்துப் படகின் எர்த்தோடு சேர்த்துவிட்டால் அந்த வித்தியாசம் தங்காது. வாய்க்கும் எர்த்துக்கும், டேங்க்குக்கும் எர்த்துக்கும் நடுவே உள்ள மின்தடையை மல்ட்டிமீட்டரில் பாருங்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதி 100 ஓமுக்குள் இருக்கச் சொல்கிறது. நான் என்றால் ஒரு ஓமைத் தாண்டினாலே இணைப்பைக் கழற்றித் தேய்த்துவிடுவேன்.

வயர் நுனியை ஹோஸுக்கும் குழாய்க்கும் இடையில் செருகி கிளாம்ப் போடுகிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். அப்படிப் போட்ட ஒரு கிளாம்பைக் கழற்றியபோது, ஹோஸின் உள்பக்கம் வயர் இழைகள் வரிவரியாகப் பதிந்திருந்தன. அந்த வரிகள் வழியே பெட்ரோல் கசிந்து, கீழே பெயின்ட் உரிந்து கிடந்தது.

கேள்வி: அந்த எர்த் வயரையே பம்புக்கு நெகட்டிவாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. இணைப்பு கொஞ்சம் தளர்ந்தாலும் டேங்க் பக்கத்திலேயே பொறி வரும். பம்புக்குத் தனி நெகட்டிவ் இழுங்கள்.

கேள்வி: கையில் தூக்கும் பிளாஸ்டிக் டேங்க்குக்கு எர்த் கொடுப்பது எப்படி?

பதில்: கொடுத்தும் பயனில்லை, பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது. படகிலிருந்து இறக்கி, தரையில் வைத்து, நாசில் டேங்க் வாயைத் தொட்டபடியே நிரப்புங்கள். சிந்தினாலும் ஆவி படகுக்குள் இறங்காது. விளிம்புவரை ஊற்றாதீர்கள்: 10 டிகிரி சூடு ஏறினால் பெட்ரோல் ஏறத்தாழ 1 சதவீதம் பெருகும். 25 லிட்டரில் அது கால் லிட்டர்.

கேள்வி: பெட்ரோல் வாசனையே இல்லை. உடனே ஸ்டார்ட் செய்யலாம்தானே?

பதில்: நின்றபடி மோந்து பார்த்தீர்களா? பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனம், படகின் அடிக்குழியில் தண்ணீர் மாதிரி தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அடிக்குழியின் மூடியைத் திறந்து, குனிந்து மோந்து பாருங்கள். அப்புறம் உள்ளே எஞ்சின் இருக்கும் படகானால் ஆவியை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறியான ப்ளோயரை 4 நிமிடமாவது ஓட விடுங்கள். அதன் உறிஞ்சு குழாய் அடிக்குழிவரை இறங்கியிருக்க வேண்டும், பாதியில் தொங்கினால் நல்ல காற்றைத்தான் உறிஞ்சும். வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். ஆட்களை இறக்கிவிட்டு, காற்றோட்டம் கொடுத்து, கசிவைத் தேடுங்கள்.

கேள்வி: கார் ஸ்டார்ட்டர் மோட்டார் அப்படியே பொருந்துகிறது, விலையும் குறைவு. போடட்டுமா?

பதில்: வேண்டாம். உள்ளே எழும் பொறி வெளியே இருக்கும் ஆவியைப் பற்றவைக்காதபடி செய்ததுதான் படகு மோட்டார். கார் மோட்டாரில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.