பெண்கள் ஜெயில்ல பிளேஸ்மென்ட்: ‘நான் சோஷியல் வொர்க்கர்’னு சொல்றதுக்கு முன்னாடி

கேள்வி: மெல்பர்ன்ல சோஷியல் வொர்க் மாஸ்டர்ஸ் படிக்கிறேன். அடுத்த செமஸ்டர் பிளேஸ்மென்ட், அதாவது களப் பயிற்சி, டேம் ஃபிலிஸ் ஃப்ராஸ்ட் சென்டர்ங்கிற பெண்கள் ஜெயில்ல இருக்கிற அபோரிஜினல் (ஆஸ்திரேலியாவோட பூர்வகுடி) பெண்களோட. அவங்களுக்கு என்னென்ன புரோகிராம் இருக்கு, நான் எப்படிப் பேச ஆரம்பிக்கிறது?

பதில்: புரோகிராம் எல்லாம் அப்புறம் பாப்போம்மா. நீங்க ‘சோஷியல் வொர்க்கர்’னு சொன்ன உடனே எதிர்ல இருக்கிறவங்க முகம் இறுகிடலாம், அதுக்குத் தயாரா போங்க. அவங்க பேச்சுல ‘வெல்ஃபேர்’னா புள்ளைய தூக்கிட்டுப் போக வர்ற ஆளுங்க. 1970கள் வரைக்கும் அரசாங்கமே அபோரிஜினல் பிள்ளைங்கள குடும்பத்துல இருந்து பிரிச்சு எடுத்துட்டுப் போச்சு, 2008-ல அப்போதைய பிரதமர் கெவின் ரட் பார்லிமென்ட்ல மன்னிப்பு கேட்டார், ஆனா இன்னிக்கும் சைல்ட் புரொடெக்‌ஷன் கையில போற பிள்ளைங்கள்ல அவங்க பிள்ளைங்க கணக்கு ரொம்பவே அதிகம். உள்ள இருக்கிற அம்மாவோட பெரிய கவலையே பெரும்பாலும் அதுதான், கேஸ் கூட ரெண்டாவது.

அதனால நோட்டை எடுத்து வெச்சுட்டு கேள்வி கேக்காதீங்க. நம்ம ஊர்ல பெரியவங்க ‘எந்த ஊரு, யாரு வீட்டுப் பொண்ணு’ன்னு கேப்பாங்கல்ல, அவங்களும் அப்படித்தான், ‘உன் மாப் (சொந்த பந்தம், கூட்டம்) யாரு’ம்பாங்க. உங்க கதைய முதல்ல சொல்லுங்க. என்ன குத்தம் பண்ணினீங்கன்னு கேக்கவே வேணாம். ஆன்ட்டின்னு கூப்பிடுறதும் அங்க வெறும் வயசு மரியாதை இல்ல, சமூகம் குடுக்கிற இடம், மத்தவங்க யாரை அப்படிக் கூப்பிடுறாங்கன்னு பாத்துட்டு கூப்பிடுங்க. வீட்ல சாவுன்னா ‘ஸாரி பிசினஸ்’னு சொல்வாங்க, செத்தவங்க பேரை நீங்களா எடுக்காதீங்க.

இப்ப புரோகிராம். ஜிர்ரான்னு அபோரிஜினல் பெண்கள் நடத்துற அமைப்பு, குடும்ப வன்முறைக்கு லீகல் உதவி பண்றவங்க, ஜெயிலுக்குள்ளயும் வந்து உக்காந்து பேசுறாங்க (ஜிர்ரான்னா கூடை முடையுற ஒரு நாணல், பெண்கள் கூடி முடைஞ்சுகிட்டே கதை பேசுறது அவங்க வழக்கம், பேரு அப்படி வந்தது). ‘டார்ச்’னு இன்னொண்ணு, ஓவியம் கத்துக் குடுத்து வித்தும் தருவாங்க, வித்த காசு முழுசும் வரைஞ்சவங்களுக்கே. தன் முன்னோர் மண் எது, மொழி எதுன்னே தெரியாம வளந்தவங்க அந்த பெயின்டிங் வழியா தேட ஆரம்பிக்கிறாங்க, எனக்குப் பிடிச்சது அதுதான். சின்னப் பிள்ளைய உள்ளயே கூட வெச்சுக்க ‘லிவிங் வித் மம்’ இருக்கு, அதுக்கு விண்ணப்பிக்கணும். அபோரிஜினல் வெல்பீயிங் ஆபீசர்னு ஜெயில்லயே ஒருத்தர் இருப்பாங்க, முதல் நாளே அவங்களப் போய்ப் பாருங்க, அவங்க கூட்டிட்டுப் போய் அறிமுகப்படுத்துறதும் நீங்களா போய் நிக்கிறதும் ஒண்ணு இல்ல.

எல்லாம் சரி, ஆனா சிக்கல் எங்கன்னா ரிமாண்ட். ஆஸ்திரேலியா ஜனத்தொகையில அபோரிஜினல், டாரஸ் ஸ்ட்ரெய்ட் மக்கள் நூத்துக்கு 4 பேர் கூட இல்ல, ஆனா பெண் கைதிகள்ல மூணுல ஒரு பங்குக்கும் மேல அவங்கதான், அதுல நிறைய பேர் தண்டனையே ஆகாம பெயில் கிடைக்காம சில வாரம் இருந்துட்டு போறவங்க. நீங்க போற அதே ஜெயில்ல 2020 ஜனவரில வெரோனிகா நெல்சன்னு 37 வயசு பெண், கடைத்திருட்டு கேஸ்ல பெயில் மறுக்கப்பட்டு வந்தவங்க, இன்டர்காம்ல திரும்பத் திரும்ப உதவி கேட்டும் செல்லுக்குள்ளயே இறந்துட்டாங்க, தடுத்திருக்கக் கூடிய சாவுன்னு 2023-ல கரோனர் (சாவுக்கான காரணத்தை விசாரிக்கிற அதிகாரி) சொன்னார் (அவங்க பேரை குடும்பமே வெளியில எடுத்துப் போராடினதால இங்க சொல்றேன்). அதனால யாராவது ‘உடம்பு முடியல’ன்னா அதை அப்பவே எழுதிக் குடுத்துட்டு, யார் வந்து பாத்தாங்கன்னு திரும்பப் போய்க் கேளுங்க. ஸ்டூடன்ட் தானேன்னு விட்டுடாதீங்க.

மூணு வாரத்துல போறவங்களுக்கு பத்து வார கோர்ஸ் எதுக்கு? அவங்களுக்கு வேண்டியது பிள்ளைங்ககிட்ட ஒரு போன் கால், வக்கீல் பேரு, வெளியில வந்தா தங்க ஒரு விலாசம். பெயில் கேக்கும்போதும் அந்த விலாசத்தைத்தான் கோர்ட் கேக்கும். அடி வாங்கின வீட்டு விலாசத்தையே சிலர் எழுதிக் குடுப்பாங்க, வேற இடம் இல்லாததால. ‘அங்க போறது உங்களுக்கு சேஃபா’ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு, இல்லன்னா அன்னிக்கே ஜிர்ராவுக்கு போன் போடுங்க.