செந்தட்டியில சூப் வைக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

ஐப்பசி மழை ரெண்டு எறங்குனா போதும், நம்ம பக்கம் வேலியோரம் வரப்போரம் எல்லாம் செந்தட்டிக் கொடி ஏறிரும், அதோட சேந்து அதப் பத்தின கேள்வியும் நமக்கு ஏறிரும். இந்த தடவ வந்ததுல பாதி அரிப்பு சம்பந்தமாத்தான் இருக்கு, அதனால சமையல் கேள்வி வைத்தியக் கேள்வின்னு பிரிக்காம மொத்தமா இங்கயே போட்டுர்றேன்.

மேலூர் வாசகி: எம் பேத்தி யூடியூப்ல வெளிநாட்டுக்காரங்க நெட்டில்னு ஒரு அரிக்கிற இலையப் பறிச்சு சூப் வைக்கிறத பாத்துட்டா. நம்ம கொல்லையில கெடக்குற செந்தட்டியும் அரிக்கத்தான செய்யுது, அதுல சூப் வைப்போம்னு ஒரே அடம். வைக்கலாமா?

வேணாம்மா, பேத்திய கொஞ்சம் நிறுத்தி வைங்க. ரெண்டும் தொட்டா அரிக்கும்ங்கிறத தவிர ரெண்டுக்கும் சொந்தமே கெடையாது. அந்த நெட்டில் நேரா நிமிந்து நிக்கிற செடி, குளிர் பிரதேசத்துல வரும், தண்டு சதுரமா இருக்கும், இலை எதிரெதிரா ஜோடி ஜோடியா இருக்கும். நம்ம செந்தட்டி கொடி, எதயாவது சுத்திக்கிட்டு ஏறும், இலை ஒண்ணு விட்டு ஒண்ணா மாறி மாறி வரும், காய் மூணு பாகமா ஒட்டுன மாதிரி, சொணையோட (அரிக்கிற பொடி முடியோட) இருக்கும். இது ஆமணக்கு குடும்பம்மா, ஆமணக்கு, குப்பைமேனி எல்லாம் இதுக்கு பங்காளி.

அரிக்கிற விதமே வேற. நெட்டில் இலையில இருக்குற ஒவ்வொரு சொணையும் ஒரு ஊசி மாதிரி, நுனி கண்ணாடி கணக்கா இருக்கும், கை பட்டதும் நுனி ஒடஞ்சு உள்ள இருக்குற ஹிஸ்டமின் அது இதுன்னு எல்லாம் தோலுக்குள்ள எறங்கிரும். செந்தட்டி சொணையில கால்சியம் ஆக்சலேட் படிகம் ஒண்ணு கூரா நிக்கும், அது தோல கீறி வழி பண்ணிக் குடுக்க, அதோட விஷநீரும் உள்ள போயிரும். நெட்டில கொதிக்கிற தண்ணியில ஒண்ணு ரெண்டு நிமிஷம் போட்டு எடுத்தா சொணை செத்துரும், அப்பறம் அது சாதாரண கீரைதான். அதுக்குன்னு எல்லா அரிக்கிற செடியும் வெந்தா கீரைன்னு முடிவு கட்டிறக் கூடாது.

செந்தட்டிய யாருமே திங்கிறதில்லயான்னா, கேரளாவுல திங்கிறாங்க. நம்ம ஆடி மாசத்த ஒட்டி அவங்களுக்கு கர்க்கடகம் வரும், அப்ப பத்து இலைய சேத்து பத்திலைத் தோரன்னு ஒண்ணு பண்ணுவாங்க, அதுல ஆனக்கொடித்தூவன்னு அவங்க போடுறது இந்த ஜாதிதான். ஆனா பாருங்க, சேம்பு இலை, தகரை, வெண்பூசணி, மஞ்சப்பூசணி, வெள்ளரின்னு மத்த இலைகளோட இதுவும் ஒரு கைப்பிடி, அதுவும் கொழுந்தா பாத்து, தலமொறையா பண்ணிப் பழகுன கை. சட்டி நெறைய இதையே போட்டு கொதிக்க வச்சு டம்ளர்ல ஊத்திக் குடிக்கிற பழக்கம் அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல. பேத்திக்கு சூப்பு ஆசைன்னா முடக்கத்தான் இருக்கு, முருங்கைக்கீரை இருக்கு, தூதுவளை இருக்கு.

உசிலம்பட்டி வாசகி: மருமகன் மிலிட்டரி, மகளும் அவரும் உத்தரகாண்ட்ல இருக்காங்க. அங்க பக்கத்து வீட்டு அம்மா கண்டாலின்னு ஒரு அரிக்கிற கீரைய குடுத்து சமைக்கச் சொல்லிருக்காங்க. மக போன்ல என்னைய கேக்குறா, எனக்கு என்னத்த தெரியும்?

இதத்தான் ஆசையா எதிர்பாத்தேன். மேல சொன்ன நெட்டில் குடும்பத்தச் சேந்ததுதான் அது, கட்வால் பக்கம் கண்டாலி, ஹிந்தியில பிச்சு காஸ், அதாவது தேள் புல்லு. நேபாளத்துல சிஸ்னுன்னு சொல்லி ஏழ வீடு பணக்கார வீடுன்னு இல்லாம எல்லாரும் திங்கிறது. திபெத்துல மிலரேபான்னு ஒரு சாமியார் குகையில தவம் இருந்தப்ப இதைய மட்டுமே தின்னு உடம்பே பச்சையா போச்சுன்னு கதை சொல்லுவாங்க.

மகள்கிட்ட இப்பிடி சொல்லுங்க. பூ வைக்காத செடியில மேல நாலு கொழுந்து இலை மட்டும் எடுக்கணும். பூத்துட்டா வேணாம், இலைக்குள்ள சுண்ணாம்புக் கல்லு மாதிரி துகள் சேந்துரும், அது மூத்திரப் பாதைக்கு ஆகாது. வெறுங்கையில தொடவே கூடாது, இடுக்கியால புடிச்சு, ரப்பர் கிளவுஸ் போட்டு, அலசுறதும் இடுக்கியால கிண்டித்தான் அலசணும். ஒரு பெரிய பாத்திரத்துல தண்ணி தளதளன்னு கொதிக்கும்போது உப்பு போட்டு இலைய உள்ள அமுக்கி விட்டா, முறுக்கிக்கிட்டு நிக்கிற இலை அப்பிடியே சுருண்டு கரும்பச்சையா அடியில உக்காரும், அதுக்கப்பறம் கை வைக்கலாம். தண்ணிய கொஞ்சம் எடுத்து வச்சிக்கிட்டு இலைய மத்தால கடையணும், அங்க கெட்டியா வர்றதுக்கு ஊறவச்ச அரிசிய அரச்சு ஒரு கரண்டி விடுவாங்க. பூண்டு, வரமிளகா தாளிச்சு கொட்ட வேண்டியதுதான்.

இதுல எனக்கு புடிச்ச விஷயம் ரெண்டு இருக்கு. அங்க தாளிக்கிறதுக்கு ஜக்யான்னு ஒரு விதை போடுவாங்க, கடுகு மாதிரி படபடன்னு வெடிக்கும். அது வேற ஒண்ணுமில்ல, நம்மூர்ல மஞ்சப் பூ பூத்து ரோட்டோரம் தரிசுல எல்லாம் கெடக்குற நாய்க்கடுகு. நம்ம மிதிச்சிட்டு போறத அவங்க பாக்கெட் போட்டு விக்கிறாங்க. ரெண்டாவது, இந்தக் கீரைக்கு அவங்க சோறு ஜங்கோரா, அதுதான் நம்ம குதிரைவாலி. பேரையூர் பக்கம், உங்க ஊருப் பக்கம் எல்லாம் வெளையுறதுதான, அடுத்த தடவ பார்சல் அனுப்பும்போது ரெண்டு கிலோ சேத்து வைங்க. பாசிப்பருப்பு சேத்து நம்ம கீரக் கடைசல் பண்ற கணக்கா பண்ணாலும் நல்லாவே வரும், ருசி பசலைக்கும் முருங்கைக்கும் நடுவுல நிக்கும். புளி மட்டும் ஊத்த வேணாம்னு என் அபிப்பிராயம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. வீட்டுல யாராச்சும் இதயத்துக்காக ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுத்தா இந்தக் கீரைய டாக்டர் கிட்ட கேக்காம குடுக்க வேணாம், வைட்டமின் கே ரொம்ப ஜாஸ்தி, மாத்திரையோட வேலைய கெடுத்துரும். மாசமா இருக்குறவங்களும் தவிர்க்கிறது நல்லது.

திருமங்கலம் வாசகர்: களை பறிக்கும்போது செந்தட்டி பட்டு கை பூரா தடிச்சிருச்சு. அப்பத்தா சாணி பூசச் சொல்லுது, சித்தப்பா சுண்ணாம்பு தடவச் சொல்றாரு, கூட வேலை பாத்தவரு தலமுடியில தேயின்னாரு. எதக் கேக்குறது?

மூணுமே வேணாம் தம்பி. மொதல்ல ஒண்ணு, தேய்க்கவே கூடாது. சொணை இன்னும் தோல்ல குத்திக்கிட்டு நிக்கும், தேச்சீங்கன்னா நல்லா உள்ள எறங்கும், பக்கத்துக்கும் பரவும். பட்ட எடத்துல செலோ டேப்ப ஒட்டி சட்டுன்னு உரிச்சு எடுங்க, டேப்ப வெளிச்சத்துல புடிச்சு பாத்தா பொடி பொடியா சொணை ஒட்டியிருக்கறது தெரியும். ரெண்டு மூணு தடவ புது டேப்பா ஒட்டி எடுத்துட்டு, சோப்பு போட்டு பச்சத் தண்ணியில அலசிட்டு, ஐஸ் ஒத்தடம் குடுத்து, கேலமைன் லோஷன் போட்டா அடங்கிரும். நல்லெண்ணெய் பூசுறத நான் தப்புன்னு சொல்ல மாட்டேன், எரிச்சல் கொஞ்சம் கொறையும், ஆனா சொணைய எடுத்த பெறகு பூசணும். சொறிஞ்சு தோலு கீறி இருக்குற எடத்துல சாணி போட்டா செப்டிக் ஆகும், டெட்டனஸ் பயமும் உண்டு. சுண்ணாம்பு ஏற்கனவே எரியுற தோல இன்னும் பொசுக்கும்.

இங்கிலாந்துல நெட்டில் குத்துனா டாக்னு ஒரு அகல இலைச் செடிய பறிச்சு தேச்சுக்குவாங்க, அது நெட்டில் பக்கத்துலயே மொளைக்கும். அங்கயும் அப்பத்தாக்கள் உண்டு. உதடு, கண்ணு வீங்குனாலோ மூச்சு இழுத்தாலோ வீட்டு வைத்தியம் எதுவும் வேணாம், நேரா ஆஸ்பத்திரிதான். போட்டுக்கிட்டு இருந்த சட்டைய தனியா தொவைங்க, அதுல ஒட்டுனது மறுநாளும் அரிக்கும்.

சோழவந்தான் வாசகர்: எனக்கு மூட்டு வலி. பழைய ஆளு ஒருத்தர் செந்தட்டிக் கொடியால முட்டியில நாலு அடி அடிச்சா வலி பறந்துரும்னு சொல்றாரு. உண்மையா?

அண்ணே, இத கேட்டு சிரிக்கிறவங்க சிரிக்கட்டும், விஷயம் முழுசா புருடா இல்ல. ஐரோப்பாவுல நெட்டிலால வலிக்கிற எடத்துல அடிச்சுக்கிறது ரொம்ப பழைய வைத்தியம், ரோமானியர் காலத்துல இருந்தே இருக்கு. 2000-ல இங்கிலாந்துல இத சோதிச்சும் பாத்தாங்க, கட்டைவிரல் அடி மூட்டுல தேய்மானம் இருந்த 27 பேருக்கு ஒரு வாரம் நெட்டில் இலைய வலிக்கிற எடத்துல வச்சாங்க, இன்னொரு வாரம் பாக்க அதே மாதிரி இருக்குற அரிக்காத இலைய வச்சாங்க. நெட்டில் வச்ச வாரம் வலி கொறஞ்சுது.

ஆனா 27 பேருங்கிறது நம்ம தெரு முக்குல டீ குடிக்கிற கூட்டம், அத வச்சு ஊருக்கே வைத்தியம் சொல்ல முடியாது. அடுத்து அவங்க வச்சது நெட்டில், நம்மகிட்ட இருக்குறது செந்தட்டி, ரெண்டும் வேறன்னு மேலயே சொல்லிட்டேன். சுகர் இருக்குற ஆளா இருந்தா சொறிஞ்சு புண்ணாகி அது ஆறாம கெடக்கும், முட்டி வலிக்கு போயி கால் வைத்தியம் பாக்க வேண்டி வரும். எரிச்சல்ல வலி மறக்கணும்னா மொளகாயில இருந்து எடுக்குற காப்சைசின் களிம்பு மெடிக்கல்ல கெடைக்குது, டாக்டர் சொல்லி வாங்கிப் பூசுங்க, பூசுன கைய கண்ணுல வைக்காதீங்க.

வாடிப்பட்டி வாசகி: கபசுரக் குடிநீர்ல செந்தட்டி இருக்குன்னு கேள்விப்பட்டேன், நெசமா?

நெசந்தான். 2020-ல கொரோனா நேரத்துல தெருவுக்கு தெரு அண்டாவுல வச்சு ஊத்துனாங்களே, அதுல இருக்குற 15 சரக்குல ஒண்ணு சிறுகாஞ்சொறி வேர், சித்த மருத்துவத்துல செந்தட்டிக்கு அதுதான் பேரு. கூட சுக்கு, திப்பிலி, லவங்கம், ஆடாதோடை, கற்பூரவல்லி, சீந்தில், நிலவேம்புன்னு போகும். இலையில இருக்குற சொணை வேருல கெடையாது, அதனால தொண்டை அரிக்கும்னு பயப்பட வேணாம். அதுக்குன்னு வேலியில இருந்து வேர தோண்டி கசாயம் போடாதீங்க, மதுரை கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையிலயோ அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவுலயோ பொடியாவே கெடைக்கும்.

அலங்காநல்லூர் வாசகர், வயசு 22: ஜிம்ல பூனைக்காலி பவுடர் சாப்பிடச் சொல்றாங்க. அது அரிக்கிற காய் தான?

காய் மேல இருக்குற பொன்னு நெறத்து ரோமம்தான் அரிக்கும், செந்தட்டியவே தோக்கடிச்சிரும். விதையில ரோமம் இல்ல. ஆனா விதையில எல்-டோபான்னு ஒண்ணு இருக்கு, அது பார்கின்சன் நோய்க்கு குடுக்குற மருந்துச் சரக்கு, மூளை வரைக்கும் வேலை செய்யும். மலைவாசி மக்கள் அந்த விதைய திரும்பத் திரும்ப வேகவச்சு தண்ணிய கொட்டிட்டுத்தான் திங்கிறாங்க, நீங்க அத அப்பிடியே பொடியா பால்ல கலக்கிக் குடிக்கப் போறீங்க. பயறு, முட்ட சாப்பிடுங்க தம்பி.

பெத்தானியாபுரம் வாசகி: பிடிகருணை மசியல் பண்ணா சில தடவ தொண்டை அரிக்குது, சில தடவ அரிக்கல. ஏன்?

கெழங்கு புதுசா இருந்தா அரிக்கும், வாங்கி பத்து பதினஞ்சு நாள் காத்தாட போட்டு வச்சு பண்ணுங்க. அரிசி கழுவுன தண்ணியில நல்லா கொழைய வேகவச்சு, புளிய தாராளமா ஊத்துங்க. இங்க அரிக்கிறதும் அதே ஆக்சலேட் ஊசிதான். நறுக்குறதுக்கு முன்னாடி கையில நல்லெண்ணெய் தடவிக்கங்க.

பாலமேடு வாசகர்: தோட்டத்து வேலி பூரா செந்தட்டி. களைக்கொல்லி அடிச்சு ஒழிச்சிரவா?

ஆளு நடக்குற பாதை, புள்ளைங்க வெளையாடுற எடம், மோட்டார் ரூம் பக்கம் இருந்தா வேரோட எடுத்துருங்க, மழை பெஞ்ச மறுநாள் மண்ணு எளகி இருக்கும்போது முழுக்கை சட்ட, தடிமனான கிளவுஸ் போட்டு அடியில புடிச்சு இழுத்தா வேர் முழுசா வரும். பிடுங்குனத கொளுத்த வேணாம், பொகை கண்ணு மூக்கெல்லாம் எரியும், குழி தோண்டி பொதச்சிருங்க. மத்த எடத்துல விட்டு வைங்கண்ணே, ஆமணக்குல முட்ட போடுற பழுப்பு நெறப் பட்டாம்பூச்சி செந்தட்டியிலயும் முட்ட போடும், இலைக்கு அடியில முள்ளு முள்ளா புழு இருந்தா அதுதான். அதுபோக வேலியில செந்தட்டி இருந்தா பக்கத்துக் காட்டு ஆளு உங்க எல்லைய தாண்டி கைய நீட்டுறதுக்கு ரெண்டு தடவ யோசிப்பாரு.