கேள்வி-பதில்: "சின்ன வேலைதான் பாக்கி!"

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். வேடிக்கை என்னவென்றால், தனக்காக வாங்குகிறேன் என்று ஒருவர்கூட எழுதவில்லை. மகனுக்கு, மனைவிக்கு, அப்பாவுக்கு, மச்சானுக்கு. இதில் எத்தனை பேர் உண்மை சொல்கிறார்கள் என்று கேட்கப்போவதில்லை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: மனைவியின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று பார்த்தேன். நசுங்கலை மறைக்கப் பட்டி பார்த்திருக்கிறார்களா என்று சோதிக்கக் காந்தம் கொண்டுபோனேன். பானெட்டில் ஒட்டவே இல்லை. "முழுக்கப் பட்டி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். விற்பவர் கோபித்துக்கொண்டார்.

ப: கோபம் வராமல் என்ன செய்யும்? 1989-ல் வந்த அந்தக் காருக்குத் தொழிற்சாலையிலேயே அலுமினிய பானெட்தான். காந்தம் ஜென்மத்துக்கும் ஒட்டாது. போய் மன்னிப்புக் கேளுங்கள். காந்தத்தையும் கையோடு எடுத்துப்போங்கள், அதற்கு வேறு இடத்தில் வேலை இருக்கிறது.

கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரப்பெட்டி இருக்கிறதே, மெக்கானிக்குகள் சில் என்பார்கள், அது பின்சக்கரத்துக்கு முன்னால் முடிகிற இடத்தில் வையுங்கள். அங்கே ஒட்டாவிட்டால்தான் பட்டி. துணிக்கூரையில் விழும் மழைத்தண்ணீர் இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு ஓரத்திலும் உள்ள வடிகால் வழியாகக் கீழே இறங்கவேண்டும். இலையும் தூசியும் அதை அடைத்துவிட்டால் தண்ணீர் சில்லுக்குள் தேங்கி, உள்ளேயிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்ட கதை. தம்பிக்கு என்று ஒரு டூ சீட்டர் வாங்கினேன். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் டயர் கழற்ற ஜாக்கி வைத்தேன். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற ஜாக்கி ஏறுகிறது, கார் ஏறவில்லை. கறுத் கறுத்தென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் ஜாக்கியின் தலை தகரத்துக்குள் போயிருந்தது. கையை விட்டுத் துழாவியதில் கசக்கித் திணித்த செய்தித்தாள் வந்தது. அதன்மேல் வலை, வலைமேல் பட்டி, பட்டிமேல் கறுப்புத் தார் பூச்சு. பேப்பரில் இருந்த தேதி நான் வாங்குவதற்கு நான்கு மாதம் முந்தையது. தம்பி அதை நீவி விரித்து ராசிபலன் படித்தான்.

கே: மச்சானுக்காக ஒரு கார் பார்த்திருக்கிறோம். சேஸிஸ் எண் பொறித்த இடத்தைச் சுற்றி மட்டும் புதிதாக வெல்டிங் செய்த தடம் தெரிகிறது. மற்றபடி கார் அருமை. வாங்கலாமா?

ப: வாங்கலாம், மச்சானைப் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் பார்க்க ஆசை இருந்தால்.

கே: மகன் கல்லூரி முடிக்கிறான். அவனுக்குப் பிடித்த போர்ஷே 944 விலைக்கு வந்திருக்கிறது. டைமிங் பெல்ட் போன வருடம்தான் மாற்றினேன் என்கிறார் விற்பவர். பில் இல்லை. நம்பலாமா?

ப: பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. போன வருடம் என்று அவர் நினைப்பது ஆறு வருடத்துக்கு முன்னால் நடந்திருக்கும், நமக்கெல்லாம் அப்படித்தான்.

சில எஞ்சின்களில் இந்த பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான், இழுத்துவந்து புது பெல்ட் போட்டுக்கொள்ளலாம். 944 அந்த ரகம் இல்லை. பெல்ட் போனால் பிஸ்டன் மேலே வந்து வால்வில் இடிக்கும், வால்வு வளையும், எஞ்சினைத் திறக்கவேண்டியதுதான். அதில் பேலன்ஸ் ஷாஃப்டுக்கும் தனியாக ஒரு பெல்ட் உண்டு. இரண்டையும் மாற்றுங்கள், திறந்த கையோடு வாட்டர் பம்பையும். இந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

கிளட்சையும் பாருங்கள். அந்தக் காரில் எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால், நடுவில் நீளக் குழாய். கிளட்ச் தட்டு மாற்ற பின்பக்கத்தில் பாதியைக் கழற்றவேண்டும், கூலி எகிறும். மேல் கியரில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை ஒரே அழுத்தாக அழுத்துங்கள். எஞ்சின் மட்டும் சத்தம் போட்டு, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது.

கே: "ஏசிக்கு கேஸ் மட்டும் போடணும், சின்ன வேலைதான்" என்றார். கேஸ் போட்டோம். மூன்று வாரத்தில் மறுபடி சூடான காற்று. மறுபடி போடலாமா?

ப: இந்தக் கடிதத்துக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். சற்று உட்காருங்கள்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்ந்துபோகும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ் சுற்றிச் சுற்றி வரும். பழைய காரில் ரப்பர் குழாய் வழியாக வருடக்கணக்கில் கொஞ்சம் கசியும், அது சரி. மூன்று வாரத்தில் காலியானால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். கண்டென்சரில் கல் அடித்திருக்கலாம், ஓ-ரிங் காய்ந்திருக்கலாம், கம்ப்ரசரின் சீல் போயிருக்கலாம். டாஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டரில் ஓட்டை என்றால் டாஷ்போர்டு முழுவதையும் கழற்றவேண்டும். கேஸோடு கம்ப்ரசருக்கான ஆயிலும் சேர்ந்துதான் சுற்றுகிறது. அதனால் கசிவோடு ஓட்ட ஓட்ட கம்ப்ரசரும் சாகும். மறுபடி கேஸ் போடாதீர்கள். வேக்கம் போட்டு, அதாவது குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்து, அழுத்தம் மாறாமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாயம் கலந்து புற ஊதா விளக்கில் தேடச் சொல்லுங்கள். ஓட்டை அகப்பட்ட பிறகு கேஸ்.

இனி அந்த "சின்ன வேலைதான்" என்பதற்கு வருகிறேன். சின்ன வேலை என்றால் விற்கிறவர் ஏன் செய்யவில்லை? ஏசி வேலை செய்யும் கார் கூடுதல் விலைக்குப் போகும் என்று அவருக்குத் தெரியாதா? சென்சார் மட்டும்தான், வயரிங்கில் ஒரு லூஸ் கனெக்‌ஷன்தான், ஜன்னல் மோட்டார் ஒன்றுதான் என்று அடுக்குகிறவரிடம் நான் ஒன்றே ஒன்று கேட்பேன்: "சரிங்க, அதைச் செஞ்சு வைங்க, நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கிறேன்." இதுவரை ஒருவர்கூடச் செய்து வைத்ததில்லை. இருவர் விலையைக் குறைத்தார்கள். ஒருவர் பேச்சை மாற்றி மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

கே: தம்பிக்கு மாஸ்டா ஆர்எக்ஸ்-8. நாங்கள் போனபோது எஞ்சின் குளிர்ந்திருந்தது, ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆனது. ஆனால் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தும் விற்பவர் எஞ்சினை அணைக்க விடவே இல்லை. சந்தேகமாக இருக்கிறது.

ப: சந்தேகப்பட்டது சரி. மற்ற கார்களில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார் என்போம், இதில் தலைகீழ். இதில் இருப்பது ரோட்டரி எஞ்சின், பிஸ்டனுக்குப் பதில் முக்கோணமான ரோட்டர் சுற்றும். அதன் முனை சீல்கள் தேய்ந்து கம்ப்ரஷன் (உள்ளே காற்றை அழுத்தும் திறன்) குறைந்தால் குளிர்ந்த நிலையில் எழுந்துவிடும், சூடாக அணைத்து உடனே சாவி போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். நன்றாகச் சூடேறிய பிறகு நீங்களே அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். தேறினால் கம்ப்ரஷன் சோதனைக்கு ரோட்டரிக்கான கருவி உள்ள மெக்கானிக்கிடம் போங்கள். சாதாரணக் கருவி உதவாது, ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகம், மூன்றுக்கும் தனித்தனி அளவு வேண்டும்.

தம்பியிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: அந்த எஞ்சின் ஆயில் குடிக்கும், சீலுக்கு உராய்வு குறையவேண்டும் என்று அப்படியே செய்திருக்கிறார்கள். பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் குச்சியை எடுத்துப் பார்க்கிற பழக்கம் வேண்டும். கராஜிலிருந்து வெளியே நகர்த்தக் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து உடனே அணைக்கவும் கூடாது, பெட்ரோல் தேங்கி அடுத்த முறை எழாது. பைக்கில் செயினுக்கே எண்ணெய் விடாத ஆள் என்றால் வேறு கார் பாருங்கள்.

கே: அப்பா வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்ட கார். ஓய்வு பெறும் நாளில் கொடுக்கவேண்டும் என்று சேர்த்துவைத்து, பழைய கார் விற்கும் கடையில் வாங்கினேன். மீட்டரில் 78,000 கி.மீ. பின்னால் கார்ப்பெட்டைத் தூக்கியபோது மூன்று வருடம் பழைய சர்வீஸ் பில் கிடைத்தது. அதில் 1,42,000. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ப: அம்மா, முதலில் இது உங்கள் அசட்டுத்தனம் இல்லை. டிஜிட்டல் மீட்டரை ஒரு சின்னக் கருவியால் சில நிமிடங்களில் மாற்றிவிடுகிறார்கள். வெளியே திருகு கழற்றிய தடம்கூட இருக்காது. எனக்கும் தெரிந்திருக்காது.

அந்த பில் இப்போது காரைவிட மதிப்பானது. கடைக்காரரிடம் அசலைக் கொடுத்துவிடாதீர்கள், நகல் மட்டும். பில் கிடந்த இடத்தோடு சேர்த்துப் படம் எடுங்கள். விளம்பரத்தில் கி.மீ. எவ்வளவு என்று போட்டிருந்தார்களோ அந்தப் பக்கத்தை, அவர்கள் எடுப்பதற்கு முன் சேமியுங்கள். பில்லில் உள்ள பட்டறைக்கு எழுதி, அந்த சேஸிஸ் எண்ணுக்கான பதிவு கேளுங்கள். கடைக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங், ஓட்டுநர் இருக்கையின் ஓரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எழுத்தில் வாங்குங்கள். அதுவரை எதையும் புதிதாக மாற்றாதீர்கள், மாற்றினால் சாட்சி போய்விடும். அதிகம் ஓட்டவும் வேண்டாம்.

அப்புறம் பணம் திருப்பிக் கேட்டு எழுத்தில் நோட்டீஸ். மீட்டரைத் திருப்பி விற்பது பல நாடுகளில் குற்றம். தனிநபர் விற்றதைவிடக் கடை விற்றிருந்தால் நுகர்வோருக்குப் பிடி அதிகம். "நாங்களும் இப்படித்தான் வாங்கினோம், எங்களுக்குத் தெரியாது" என்பார்கள். தெரியாமல் விற்றாலும் கார் அவர்கள் விற்றதுதான். பேரம் பேசி ஒரு சர்வீஸ் இலவசம் என்று முடிக்கப் பார்ப்பார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் தனியாக அலைவதை அவர் விரும்பமாட்டார்.

கே: மகனுக்காக இரவு எட்டு மணிக்குத் தூறலில் பார்த்தோம். விற்பவர் ஊருக்குக் கிளம்புவதாகச் சொன்னதால் ஓட்டிப் பார்க்க நேரமில்லை. முழுப் பணமும் கொடுத்துவிட்டோம். காலையில் பார்த்தால் கதவு ஒரு சிவப்பு, ஃபென்டர் ஒரு சிவப்பு. வேகமாகப் போனால் இடதுபக்கம் இழுக்கிறது. யாரிடம் முறையிடுவது?

ப: கண்ணாடியில் தெரிகிறவரிடம். ஈரமான பெயின்ட் எல்லாமே புதுப் பெயின்ட் மாதிரிதான் இருக்கும், அதுவும் இருட்டில். அவசரம் விற்பவருக்கு, ஓடியது நீங்கள்.

மகன் ஓட்டப்போகிறான் என்பதால் ஒன்று சொல்கிறேன். நான்கு சக்கர அலைன்மென்ட் பார்த்து, அச்சிட்ட தாளை வாங்குங்கள். அளவுக்குள் கொண்டுவரவே முடியவில்லை என்று சொன்னால் சஸ்பென்ஷனோ சேஸிஸோ வளைந்திருக்கிறது. அது சரியாகும்வரை சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும்.

கே: மருமகனுக்கு வாங்கிவிட்டோம், ஓடுகிற நிலையில் இருக்கிறது. புது அலாய், சத்தமான எக்ஸாஸ்ட், தாழ்த்தும் ஸ்ப்ரிங் என்று பட்டியல் வைத்திருக்கிறான். எதை முதலில் செய்வது?

ப: பட்டியலில் இல்லாததை. நிற்க வைப்பது முதலில், ஓட வைப்பது அடுத்து, அழகு கடைசியில்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 155-லேயே கொதிக்கலாம். மலை இறக்கத்தில் அது கொதித்தால் பெடல் தரைவரை போகும். எப்போது மாற்றினார்கள் என்று தெரியாது என்றால் இன்றைக்கே மாற்றுங்கள், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. கூலன்ட், ரேடியேட்டர் ஹோஸ், பெல்ட்கள் அடுத்த வாரம்.

டயரின் பட்டனை, அதாவது ரோட்டில் பதியும் பக்கத்தின் வெட்டு ஆழத்தை, மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பக்கச் சுவரில் DOT என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2314 என்றால் 2014-ம் வருடத்தின் 23-வது வாரம். உள்பக்கமாகத் திரும்பியிருந்தால் படுத்துத்தான் பார்க்கவேண்டும், படுங்கள். "புது டயர் சார்" என்று எனக்கு விற்ற இன்னொரு காரில் பட்டன் விரல் நுனி புதையும் ஆழம். ஒரு மழை நாளில், சாதாரண வளைவில், பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்த்தது. அன்றைக்குத்தான் எண்ணைப் படித்தேன். பன்னிரண்டு வயசு.

எக்ஸாஸ்ட் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேளுங்கள்.

கே: அப்பாவுக்கு 68 வயது, மூட்டு வலி உண்டு. ஹோண்டா எஸ்2000 வாங்கி அசத்தலாம் என்று நானும் அக்காவும் யோசிக்கிறோம். சர்ப்ரைஸாகக் கொடுக்கலாமா?

ப: நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை போகும் எஞ்சின், அருமையான கார், குறையே சொல்லமாட்டேன். ஆனால் அது தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பார்த்தீர்களா? ஏறுவதை எல்லோரும் பார்க்கிறார்கள், இறங்குவதைப் பார்ப்பதில்லை. அவரைக் கூட்டிப்போங்கள். கூரையை மூடிவையுங்கள், பக்கத்தில் இன்னொரு கார் நிற்பதுபோல் கதவைப் பாதி மட்டும் திறந்துவிட்டு, மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். மூன்றாவது முறை கையை நீட்டி "தூக்கிவிடும்மா" என்றால் அந்தக் காரை அங்கேயே விட்டுவிட்டு, கொஞ்சம் உயரமான கூப்பே ஏதாவது தேடுங்கள். சர்ப்ரைஸ் கெட்டுவிடுமே என்று மறுபடி கடிதம் போடாதீர்கள்.