சானிடைசரா சோப்பா பிளீச்சா: நெல்லை வாசகர்கள் கேட்டவை

டவுனில் அல்வாக் கடையில் பொட்டலம் மடிக்கிறேன். கை முழுக்க நெய். சானிடைசர் தடவிக்கொண்டால் போதாதா?

போதாது தம்பி. நெய்ப் பிசுக்குள்ள கையில் சானிடைசர் விட்டால் மேலாக வழிந்து போகும், பிசுக்குக்கு அடியில் இருக்கிற கிருமியைச் சரியாகத் தொடாது. சோப்பு போட்டு 20 விநாடி, விரல் இடுக்கு, நக ஓரம் எல்லாம் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு நெய்யைக் கழற்றுகிறதே, அதே மாதிரிதான் கொரோனா, இன்ஃப்ளூயன்ஸா வைரஸ்களைச் சுற்றியிருக்கிற கொழுப்பு உறையையும் பிரித்துப் போடுகிறது, உறை போனால் அந்த வைரஸால் தொற்ற முடியாது.

99 சதவீத ஸ்பிரிட்தானே 70ஐ விடப் பலம்?

இல்லை. வைரஸின் புரதத்தைச் சிதைக்க ஆல்கஹாலோடு கொஞ்சம் தண்ணீரும் வேண்டும். 99 சதவீதம் என்றால் வேலை முடியும் முன்பே ஆவியாகிவிடும். 60க்குக் கீழே போனாலும் வீண். அப்புறம், தடவிய கை காயாமல் அடுப்புப் பக்கம் போகாதீர்கள்.

பேரனுக்கு வாந்தி பேதி. வீடு முழுக்க சானிடைசரும் பினாயிலும் தெளித்தோம், இரண்டே நாளில் மருமகளுக்கும் வந்துவிட்டது. (அம்பாசமுத்திரம்)

அம்மா, பிள்ளைக்கு ஓஆர்எஸ் கரைசலை நிறுத்தாமல் கொடுங்கள், அதுதான் முதல் வேலை. வாந்தி பேதியைக் கிளப்புகிற நோரோ, ரோட்டா வைரஸ்களுக்குக் கொழுப்பு உறையே கிடையாது. அதனால்தான் பினாயில் அவற்றிடம் தோற்கிறது, நோரோவிடம் சானிடைசரையும் நம்ப முடியாது. கையைச் சோப்பால் தேய்த்துக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் வைரஸ் கையை விட்டு வழிந்தோடிவிடும். தரைக்கு பிளீச்தான். ஆனால் வாந்தியைத் துடைத்து எடுக்காமல் அதன் மேலேயே ஊற்றினால் குளோரின் அந்த அழுக்கோடு போராடியே தீர்ந்துவிடும். துடைத்த பிறகு, 5 சதவீத திரவ பிளீச் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி, வாந்தி விழுந்த இடத்துக்கு 100 மில்லி வரை கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். அன்றாடம் புதிதாகக் கலக்க வேண்டும், நேற்றைய கரைசலில் சக்தி இருக்காது.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், பிளீச்சோடு கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். என் தங்கை ஒருமுறை இரண்டையும் ஊற்றிவிட்டு, கிளம்பிய குளோரின் வாயுவில் மூச்சு முட்டி வெளியே ஓடி வந்தாள். இப்போதும் அதை நினைத்தால் பதறுகிறது.

வாசலில் மஞ்சள் வேப்பிலைத் தண்ணீர் தெளித்தால் வைரஸ் வராதா?

வாசலுக்கு அழகு, தெளியுங்கள். வைரஸைத் தடுக்கும் என்று நம்பிக் கை கழுவாமல் இருந்துவிடாதீர்கள்.

பாளையங்கோட்டையில் எங்கள் ஹாஸ்டலில் மெட்ராஸ் ஐ. கறுப்புக் கண்ணாடி போட்டால் பரவாதாமே?

பார்வையால் அது பரவுவதில்லை, கண்ணாடி கூச்சத்துக்கு மட்டும்தான். பெரும்பாலும் இதைத் தருகிற அடினோவைரஸும் உறையில்லாத சாதிதான், காய்ந்த கதவுக் கைப்பிடியில்கூட நாள் கணக்கில் கிடக்கும். கண்ணைக் கசக்கிய கை, பொதுத் துண்டு, தலையணை உறை, இவைதான் வழி. ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டு, கைப்பிடிகளையும் குழாய்களையும் தினமும் அந்த 20 மில்லி கரைசலால் துடைக்கச் சொல்லுங்கள்.