இரண்டாவது மொனிட்டர் வேலை செய்யவில்லையா? முற்பணம் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் கணினியில் கிராபிக்ஸ் கார்ட் (திரைக்குப் படம் அனுப்பும் தனிப் பலகை) இருக்கிறது. அதில் ஒரு மொனிட்டர் நன்றாக வேலை செய்கிறது. கணக்கு வேலைக்காக, விஜிஏ என்ற பழைய வகைத் துளை மட்டுமே உள்ள மொனிட்டர் ஒன்றை வாங்கி, பின்புறம் மேலே உள்ள எச்டிஎம்ஐ துளையில் ஒரு கேபிளால் இணைத்தேன். 'சிக்னல் இல்லை' என்று வருகிறது. வந்து பார்த்தவர், கார்ட் எரிந்துவிட்டது, கொழும்பிலிருந்து எடுக்க வேண்டும் என்று முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், கல்லடி, மட்டக்களப்பு

பதில்: கொடுக்க வேண்டாம். எரிந்த கார்ட் முதல் மொனிட்டருக்கு எப்படிப் படம் அனுப்புகிறது? உங்கள் இரண்டாவது மொனிட்டர் அந்தக் கார்டைத் தொடவே இல்லை. மேலே, யூஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் இருப்பது கணினியின் தாய்ப்பலகையான மதர்போர்டின் துளை. கீழே தனித் தகட்டில் வரிசையாக இருப்பவைதான் கார்டின் துளைகள். கார்ட் பூட்டியதும் பெரும்பாலான கணினிகள் மேல் துளையை நிறுத்திவிடும். இரண்டு கேபிள்களையும் கீழேயே செருகுங்கள்.

மேல் துளையை பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கத்தில்) இயக்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். கணினியின் மூளையான பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால்தான் அது நடக்கும். இன்டெல் பிராசசர்களில் 12400எஃப் என்பதுபோல எண்ணின் முடிவில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை; மேல் துளை வெறும் அலங்காரம். ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசையில் கதை தலைகீழ்: 5600ஜி என்று 'ஜி' இருந்தால் உண்டு, வெறும் 5600 என்றால் இல்லை. கடைசி எழுத்து ஓரிடத்தில் இல்லை என்கிறது, இன்னோரிடத்தில் உண்டு என்கிறது. பெட்டியில் ஒரு வரியாக எழுதிவிட்டால் எத்தனை பேரின் பணம் மிஞ்சும்!

அடுத்தது கேபிள். எச்டிஎம்ஐ அனுப்புவது டிஜிட்டல், விஜிஏ வாங்குவது அனலாக். நடுவில் மாற்றித் தரும் சிப் இல்லாத வெறும் கேபிளையும் கடைகளில் கூசாமல் விற்கிறார்கள். அது உங்கள் கணினியில் வேலை செய்யாது. சிப் உள்ள மாற்றியும் ஒரு திசையில்தான் ஓடும். 'எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏ' என்று கேட்டு வாங்குங்கள். 'விஜிஏயிலிருந்து எச்டிஎம்ஐ' உங்களுக்கு உதவாது. கார்டில் மிச்சம் இருப்பது டிஸ்பிளேபோர்ட் துளை என்றால், அதிலிருந்து விஜிஏக்கு மாற்றுவதை வாங்குங்கள்.

பிறகு விண்டோஸ் விசையுடன் பி (P) விசையை அழுத்தி, திரையை நீட்டிக்கும் தெரிவை எடுங்கள். மொனிட்டரின் பொத்தானில் உள்ளீடு விஜிஏயாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முற்பணம் கேட்பவரைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். 'எரிந்த கார்ட்' என்று என்னிடம் வந்தவற்றில் பல நல்ல கார்டுகள். சொந்தக்காரர் புதிதுக்குப் பணம் கட்டுவார். பழையது இன்னொருவரின் கணினியில் ஏறும். கழற்ற விடுமுன் கார்டின் தொடர் இலக்கத்தைப் படம் எடுங்கள். பழையதைத் திருப்பிக் கேளுங்கள். பற்றுச்சீட்டு கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆக வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். சட்டம் வந்து இத்தனை ஆண்டுகளான பிறகும் அதை வாங்குபவரே நினைவூட்ட வேண்டியிருப்பது வேதனை.

புதிய மாற்றிக்குச் செலவழிக்கும் முன், விஜிஏ துளை உள்ள பழைய மடிக்கணினி ஒன்றை அயலவரிடம் இரவல் வாங்கி மொனிட்டரை அதில் பொருத்திப் பாருங்கள். படம் வந்தால் மாற்றியை வாங்குங்கள். வராவிட்டால் மொனிட்டரை, வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.